அண்ணி எழுதிய பேய் ஓட்டும் விதிகள்

அண்ணி கேட்ட கேள்விக்குத் தையல்காரரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையக் குண்டூசி.

"அண்ணே, ஒரு பேய் ஒருத்தர் மேல ஏறிடுச்சுன்னு வைங்க. நீங்கதான் அந்தப் பேய். என்ன நடந்தா இறங்குவீங்க?"

அவர் என் தோளை அளந்துகொண்டிருந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்திவைத்துவிட்டு, நிஜமாகவே யோசித்தார்.

"அளவு கச்சிதமா இருந்துச்சுன்னா எதுக்கும்மா இறங்கணும்?"

நான் அண்ணியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். மானம் போகிறது. அண்ணி நகரவில்லை. "சரி, அளவு சரியில்லன்னா?"

"அங்கங்க பிரிச்சு விட்டுப் பாப்பேன். அப்பவும் சரி வரலன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். பஸ் கண்டக்டரைக் கேட்டாள். "கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கித்தான் ஆகணும், பேயா இருந்தா என்ன, மந்திரியா இருந்தா என்ன" என்றார். கீழ்வீட்டு ஓனரைக் கேட்டாள். "முதல்ல நோட்டீஸ் குடுத்தாங்களா?" என்றார். பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைக் குறட்டால் பிடித்தபடி, "நல்லா ஆட்டணும், ஆட்டாம எதுவும் இடத்தை விட்டு வராது" என்று சொல்லி, சொன்னதைச் செய்தும் காட்டினார். ஆட்சேபிக்க என் வாய் அப்போது என் வசம் இல்லை.

இத்தனைக்கும் அண்ணிக்குப் பேய் பிசாசில் துளியும் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு விதி. விளையாட்டு விதி.

அண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மிக்ஸி, கெட்டில், அயர்ன் பாக்ஸ் வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு காகிதம் இருக்குமே, பிரித்ததும் தெர்மாகோலோடு சேர்த்து நாம் தூக்கிப்போடுவது, அதை எழுதுவது அண்ணி மாதிரி ஆட்கள்தான். அப்படி ஒரு வேலை இருப்பதே அண்ணி எங்கள் வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. அந்தக் காகிதம் பெட்டிக்குள் தானாக முளைக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எழுதினால் மட்டும் போதாதாம். அந்தச் சாமானை முன்னேபின்னே பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு, பெட்டியையும் காகிதத்தையும் கையில் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். எதிரில் அண்ணி உட்காருவாள். வாய் திறக்கக் கூடாது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வாள். வெளியே இருந்தால் கை தானாக நீண்டு "இந்தப் பக்கம் திருகுங்க" என்று காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"முகத்தைப் பாக்கவே கூடாது" என்பாள். "முகம் புரிஞ்ச மாதிரி நடிக்கும். கைக்கு நடிக்கத் தெரியாது. அது எந்த இடத்துல நிக்குதோ, அந்த இடத்துல நான் எழுதினது தப்பு."

ஒரு தடவை கெட்டிலுக்கு எழுதிய காகிதத்தை ஒரு பெரியவரிடம் கொடுத்தார்களாம். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் என்று முதல் வரி. அவர் ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் காகிதம் என்று பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம், தண்ணீருக்கு மூன்றாவது கை இல்லாமல். அண்ணி முதல் வரிக்கும் முன்னால் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்தக் காகிதத்தைக் கீழே வைக்கவும்.' இன்றும் அந்தக் கெட்டில் பெட்டியில் அந்த வரி இருக்கிறது. அவளுடைய வாழ்நாள் சாதனை என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

கல்யாணமாகி அண்ணி இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றைத் திறந்தால் பகடைகள், வரைபடங்கள், பென்சில்கள், கட்டுக்கட்டாய்க் காகிதம். மேல் காகிதத்தில் 'பேய்கள்: பொது அறிமுகம்' என்று எழுதியிருந்தது. என் அம்மா அதைப் படித்துவிட்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். நாத்தனார் என்ற முறையில் கொடுமைப்படுத்த வேண்டியது என் கடமை. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கடமையிலிருந்து தவறிவிட்டேன்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடும் விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவைத் திறக்கிறேன்', 'அவனை நம்பவில்லை', 'ஓடுகிறேன்' என்று நாம் சொல்ல வேண்டும். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி அந்தக் கதைகளையும் விதிகளையும் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும்போதே சொந்தமாக எழுத ஆரம்பித்துவிட்டாளாம். எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது அதன் தொடர்ச்சி.

கதை நடப்பது கடல் நடுவில், பாறைமேல் நிற்கும் பாழடைந்த கலங்கரை விளக்கத்தில். விளையாட நாங்கள் நாலு பேர். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறும் என் அண்ணன் அதில் வாள்வீரன். பெண்டாட்டி கொடுத்த மரியாதை. ஒரு ஃபேன் காகிதத்தைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்கு வந்து, ஒரு வரி கூடப் படிக்காமல் ஃபேனை மாட்டிவிட்டு, காகிதத்தின் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியன், விளக்கு தூக்கி வருபவர். எனக்குத் திருடி வேஷம். ஏன் என்று கேட்டதற்கு அண்ணி சிரித்தாள், அவ்வளவுதான். நாலாவது ஆள் நர்ஸ் அக்கா. அவள்தான் வைத்தியர், எங்களுக்கு அடிபட்டால் கட்டுப்போட வேண்டியவள்.

நர்ஸ் அக்கா அண்ணியின் ஹாஸ்டல் தோழி. இந்த ஊரில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணியைத் தெரிந்த ஒரே ஆள். அவளுடைய ஷிஃப்ட் அப்படி. ஞாயிறு சாயங்காலத்தை விட்டால் இருவரும் சந்திக்க வழியே இல்லை. அண்ணி வாரம் முழுக்கக் கெட்டிலுக்கும் மிக்ஸிக்கும் வாழ்ந்துவிட்டு, ஞாயிறன்று அந்த ஒரு 'ஏய், என்னடீ' என்ற குரலுக்காகக் காத்திருப்பாள். எங்கள் வீட்டில் மற்ற எல்லாருக்கும் அவள் மருமகள், அண்ணி, 'என்னம்மா'. 'டீ' போட ஆள் வேண்டாமா?

சிக்கல் அங்கேதான் வந்தது. கதையில் கலங்கரை விளக்கத்தின் மூன்றாம் மாடிக்குப் போனபோது ஒரு பேய் வந்தது, பகடை விழுந்த விதத்தில் நேராக நர்ஸ் அக்காமேல் ஏறிக்கொண்டது. பேய் பிடித்தவர் தன் பாத்திரத்தை நடத்த முடியாது என்பது விதி. எனவே நாங்கள் மூவரும் பேயை ஓட்டச் சாமான் தேடி மாடி மாடியாக அலைந்தோம். நர்ஸ் அக்கா சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறு பிஸ்கட் கூடத் தின்னவில்லை.

அன்று அவளை வழியனுப்பப் படிக்கட்டு வரை அண்ணியோடு நானும் போனேன்.

"இங்க பாரு, தப்பா நினைக்காத" என்றாள் நர்ஸ் அக்கா. "வர்ற ஞாயிறோட நான் நிறுத்திக்கறேன்டீ. வாரத்துல ஒரு சாயங்காலம் எனக்குன்னு கிடைக்குது. அதுல பேய் பிடிச்சு சும்மா உக்காந்திருக்கறதுக்கு வீட்லயே தூங்கலாம்."

"அடுத்த வாரம் பேயை ஓட்டிடறேன்."

"எப்படி?"

பேயை வரவழைக்க அண்ணி இருபது பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஓட்டுவதற்கு ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. உள்ளே போகும் வழியை எழுதிவிட்டு வெளியே வரும் வழியை மறந்துவிட்டாள், அதுவும் காகிதம் எழுதியே பிழைக்கிறவள். நர்ஸ் அக்கா வராவிட்டால் இந்த மேசை கலைந்துவிடும். மேசை போனால்கூடப் பரவாயில்லை, நர்ஸ் அக்கா போய்விடுவாள். அதனால்தான் அந்த வாரம் தையல்காரர், கண்டக்டர், என் கடைவாய்ப் பல்.

எழுதிய விதிகளை வீட்டிலேயே சோதித்தோம். என்னை வைத்துச் சோதிப்பது அண்ணிக்கு வசதி. பத்தாவதை இரண்டு தடவை எழுதிவிட்டு, படிப்பும் நானும் மனம் ஒத்துப் பிரிந்தவர்கள். "நீதான் சரியான ஆளு நாத்தனாரே" என்பாள். "நீ எதையும் முழுசாப் படிக்கவே மாட்ட." பேய் பிடித்தவராக உட்கார ஆள் இல்லாததால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தோம். அம்மா பட்டாணித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

முதல் விதி: பேய்க்குப் பன்னிரண்டு பலம். ஓட்டுகிறவர் பகடை உருட்ட வேண்டும். விழுகிற எண் பேயின் பலத்தில் குறையும். நான் உருட்டினேன், ஆறு. மறுபடி உருட்டினேன், ஆறு. பேய் காலி.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா. கையில் முதல் பட்டாணியே இன்னும் உரிபடவில்லை.

"கொசு அடிச்ச மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். அண்ணி அந்தக் காகிதத்தைக் கசக்கினாள்.

இரண்டாம் விதி: பேயின் பெயரைக் கண்டுபிடித்தால் பேய் ஓடிவிடும். ஆனால் ஓட்ட வந்தவர்களிடம் பேய் தன் பெயரைச் சொல்லவே சொல்லாது. அண்ணியே பேயாகப் பேசினாள். கரகரவென்று குரலை மாற்றிக்கொண்டு, "என் பேரைக் கேட்டவன் எவனும் உயிரோட இறங்கினதில்ல..." என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

நான் மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். "மேடம், கூரியர்!"

"என்ன?" என்றது பேய்.

"பார்சல் வந்திருக்கு மேடம். பேரைச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன். இன்னும் அஞ்சு வீடு இருக்கு."

அண்ணி விதியைப் புரட்டினாள். ஓட்ட வந்தவர்களிடம் சொல்லாது என்றுதான் எழுதியிருந்தது. கூரியர்காரரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பேய் பல்லைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டது.

"இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று அண்ணி என் தலையில் காகிதச் சுருளால் தட்டினாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, எனக்குத்தானே பேய் பிடிச்சிருக்கு? நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் அத்தை. சும்மா உக்காந்திருங்க."

"அப்ப எதுக்கு என்னை உக்கார வச்சிருக்க? அடுப்புல வேலை கிடக்கு." தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அண்ணி அம்மா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. எப்போது போயின என்று நான் பார்க்கவில்லை.

"அத்தை கை முழுக்க முழுக்கப் பட்டாணியிலதான் இருந்துச்சு" என்றாள். "ஒரு தடவை கூட மேசைக்கு வரல. அவங்களுக்கு நான் எதுவுமே எழுதல."

மூன்றாம் விதி அப்படித்தான் பிறந்தது. பேய் பிடித்தவர்தான் இனிமேல் பேயாகப் பேச வேண்டும். யாருடைய பேய், எப்படிச் செத்தது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவாள் அண்ணி. ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பேயைச் சமாதானப்படுத்த வேண்டும். சமாதானம் ஆனால் பேய் போய்விடும். நான் எவ்வளவோ குடைந்து பார்த்தேன், ஓட்டை கிடைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. நர்ஸ் அக்கா செருப்பைக் கழற்றும்போதே கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணி துண்டுக் காகிதத்தை நீட்டினாள். கேப்டனுடைய மாமியாரின் பேய், கப்பலோடு மூழ்கிச் செத்தவள்.

சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள் அம்மா. "யாரோட மாமியார்?"

"கேப்டனோட மாமியார் அத்தை."

"கேப்டன் ஆம்பளைதானே?"

"ஆமா அத்தை."

"அப்ப சரி." தலை உள்ளே போனது.

நர்ஸ் அக்கா காகிதத்தைப் படித்தாள். முதுகை நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரியில் நோயாளி விழித்துக்கொள்ளக் கூடாதே என்று பேசிப் பேசிப் பழகிய குரல் அவளுடையது. காது கொடுத்தால்தான் கேட்கும். அந்த வாயிலிருந்து இது வரும் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

"வாங்கப்பா, வாங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, ஒருத்தனாவது கால் கழுவினீங்களா?"

அண்ணன் வாளை எடுத்தான். "துரு" என்றது பேய். "உன்னை மாதிரியே." எலக்ட்ரீஷியன் விளக்கை உயர்த்தினார். "கண்ணுல குத்தாத. இந்த வெளிச்சத்துல உன் மூஞ்சியைப் பாக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?" அவருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. நான் ஒரு டப்பாவைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். "ஏய் குட்டிச்சாத்தான், அந்த டப்பாவைக் கீழ வை. இது நான் மூழ்கின கப்பல்ல வந்தது. செத்தாலும் எண்ணி வச்சிருப்பேன்."

அம்மா கரண்டியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அண்ணியின் முகம் பூத்துவிட்டது. நர்ஸ் அக்கா கடிகாரத்தைப் பார்த்து வெகுநேரமாகியிருந்தது, அவள் விரல்களில் ஒரு பகடை உருண்டுகொண்டே இருந்தது.

சமாதானப் படலம் ஆரம்பித்தது. மூழ்கிய கப்பலை மீட்டு வருகிறேன் என்றான் அண்ணன். "எதுக்கு? மறுபடி முழுகவா?" உங்கள் பேரில் விளக்கு ஏற்றுகிறேன் என்றார் எலக்ட்ரீஷியன். "கரண்ட் பில்லு யாரு உன் அப்பனா கட்டுவான்?" கேப்டனைக் கொண்டுவந்து காலில் விழவைக்கிறேன் என்றேன் நான். பேய் கொஞ்சம் யோசித்தது. "வேண்டாம். அவனைப் பாத்தா எனக்குத் திரும்ப உயிர் போயிடும்."

இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. எதைச் சொன்னாலும் முடியாது, வேண்டாம், போங்கடா. முதலில் சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் இப்போது சிரிக்கவில்லை.

"போதும். விதிப்படி பேய் போய்த்தான் ஆகணும்."

"எந்த விதிப்படி?" என்றாள் நர்ஸ் அக்கா.

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி காகிதத்தைப் பார்த்தாள். சமாதானம் ஆனால் போய்விடும் என்று இருந்தது. ஆகாவிட்டால் என்ன என்று இல்லை. மறுபடியும் வெளியே வரும் வழி எழுதப்படவில்லை.

"இதுக்கு முன்னாடி சும்மா இருந்தா, போறேன்னு சொன்னீங்க. இப்பப் பேச விட்டா, போக மாட்டேங்கறீங்க" என்று அண்ணன் எரிந்து விழுந்தான். "நம்ம எல்லாருக்கும் அடிபட்டு ரத்தம் கொட்டுது. நீங்க வந்தாத்தானே யாராவது கட்டுப்போட முடியும்?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டா எல்லாம் தானா நின்னுடும்" என்று எலக்ட்ரீஷியன் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

நர்ஸ் அக்கா பகடையை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். "நான் கிளம்பறேன். என்னால விளையாட்டு நிக்க வேண்டாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். தடுப்பாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்காமல், கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு நர்ஸ் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க கடைசியாச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"எதை? மெயினையா?"

"அது அவர் சொன்னது. நீங்க சொன்னது."

"கட்டுப்போட ஆள் வேணும்னேன். அதிலென்ன தப்பு?"

நர்ஸ் அக்காவின் கை பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது. எனக்கே தெரிந்தது.

"நீ சாயங்காலம் முழுக்கப் பகடையை விரல்ல வச்சு உருட்டிக்கிட்டே இருந்த" என்றாள் அண்ணி நர்ஸ் அக்காவிடம், மெதுவாக. "இவர் கட்டுன்னு சொன்னதும் கீழ வச்சுட்ட. முன்னாடி விளையாடினப்பவும் யாராவது அடிபட்டுக் கட்டு கேட்டாத்தான் நீ பகடையைத் தொடுவ, நீயா எடுத்ததே இல்ல. நானே இதை இப்பத்தான் கவனிக்கறேன். பேயைக் கேக்கலடீ, உன்னைக் கேக்கறேன். பேய் போயிடுச்சுன்னு வை. திரும்பி வந்தா உனக்கு அங்க என்ன இருக்கு?"

நர்ஸ் அக்கா பையை இழுத்து மூடினாள். "என்ன இருக்கு? பஞ்சு இருக்கு. கட்டுத்துணி இருக்கு. காலைலேருந்து அதைத்தான் பண்றேன். 'சிஸ்டர் இங்க வலிக்குது, சிஸ்டர் ட்ரிப்ஸ் நின்னுடுச்சு.' இங்க வந்தா உன் வீட்டுக்காரர், 'கால்ல அம்பு பட்டுடுச்சு, கட்டுப்போடுங்க'. அங்கயாவது சம்பளம் உண்டு."

"ஏன்டீ சொல்லல?"

"நீ கேட்டியா? முதல் நாளே, 'நீ நர்ஸு, அதனால நீதான் வைத்தியர்'னு காகிதத்தை நீட்டின. உனக்கு அது பெரிய பொருத்தமாத் தெரிஞ்சுது. சந்தோஷமா வேற நீட்டின. என்ன சொல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்த மாமியார் எவ்வளவோ தேவலாம். யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்த இடத்துல திட்டினாப் போதும்."

"நானா இருந்தாலும் திரும்பி வர மாட்டேன்" என்றாள் அம்மா, வாசற்படியிலிருந்து.

அண்ணன் நெற்றியைத் தேய்த்தான். எலக்ட்ரீஷியன் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தார், அதில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல.

அண்ணி மூன்றாம் விதிக் காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். பென்சிலை எடுத்து, எழுதிக்கொண்டே சொன்னாள். "பேய்கிட்ட யாரும் பேசக் கூடாது. பேயைச் சமாதானம் பண்ணவும் கூடாது. பேய் பிடிச்சிருக்கிற ஆளைப் பாத்துத்தான் பேசணும். 'நீ திரும்பி வந்தா, உன் தலைல இருக்கறதுல இதை நான் எடுத்துக்கறேன்'னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லணும். வாய் வார்த்தை செல்லாது. அவங்கவங்க பாத்திரத்துல எழுதணும், அதனால அவங்களுக்கு ஒரு நஷ்டம் இருக்கணும். அதுக்கப்புறம் வர்றதும் வராததும் அந்த ஆளோட இஷ்டம்."

"வரலன்னா?" என்றான் அண்ணன்.

"வரலன்னா வரல." அதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் லேசாகத் தடுக்கியது. ஆனால் அதையும் எழுதினாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். வீட்டில் யாரிடமும் அவன் இப்படித் தயங்கிப் பேசி நான் பார்த்ததில்லை. "இனிமே எனக்கு அடிபட்டா அடுத்த கரை வர்ற வரைக்கும் பொறுத்துக்கறேன். கட்டு கேக்க மாட்டேன்." தன் காகிதத்தில் உயிர்ப்பலத்தைப் பாதியாக அடித்தான். எலக்ட்ரீஷியன், "ராத்திரிக் காவல் உங்க முறையையும் சேர்த்து நானே பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றார். பிறகு பதறி, "சிஸ்டர்னு சொல்லல, சும்மா... அக்கான்னு வச்சுக்குங்க" என்றார். அவருக்கு நர்ஸ் அக்காவைவிடப் பத்து வயதாவது அதிகம்.

என் முறை. திருடிக்கு இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் பூட்டுத் திறக்க முடியும். அது என் காகிதத்தின் முதல் வரி, நான் அந்த விளையாட்டில் இருப்பதே அதற்காகத்தான்.

"மருந்துப் பையை நான் தூக்கிக்கறேன்."

"உனக்குக் கட்டுப்போடத் தெரியுமா?" என்றாள் நர்ஸ் அக்கா.

"தெரியாது. அண்ணனுக்குக் கால்ல அடிபட்டா வாயில போடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் பூட்டு வரியைப் பென்சிலால் மெல்லிசாக அடித்தேன், பின்னால் அழித்துக்கொள்ள வசதியாக. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அழுத்தி அடி" என்றாள். அழுத்தி அடித்தேன்.

பிறகு அவள் அண்ணி பக்கம் திரும்பினாள். "நீ?"

"எனக்குப் பாத்திரமே இல்லையே. நான் கதை சொல்றவ."

"தெரியும். அதான் கேக்கறேன்."

அண்ணி மேசையைப் பார்த்தாள். கலங்கரை விளக்கத்தின் வரைபடம், ஒவ்வொரு மாடிக்கும் அவள் வரைந்த படிகள், இன்னும் நாங்கள் ஏறாத மாடிகளை மறைத்து வைத்த அட்டை. அட்டைக்குப் பின்னால் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஹாஸ்டல் நாள் முதல் அந்த அட்டைக்குப் பின்னால்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வரைபடத்தை அட்டையோடு சேர்த்து நர்ஸ் அக்கா பக்கமாகத் தள்ளினாள்.

"அடுத்த வாரத்துலேருந்து நீ கதை சொல்லு. நான் விளையாடறேன்."

"டிவி ரிமோட்டையே எனக்குக் குடுக்க மாட்டா" என்று அண்ணன் முணுமுணுத்தான்.

நர்ஸ் அக்கா வரைபடத்தைத் தொடவில்லை. எங்கள் மூவரின் காகிதங்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள். நோயாளியின் தலைமாட்டில் மாட்டிய சீட்டைப் படிப்பாளே, அப்படி. பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து, மாமியார் குரலில் கடைசியாக ஒரு தடவை, "சரி சரி, நான் கிளம்பறேன். போறவளைப் பாத்து ஒருத்தராவது இருங்கன்னு சொன்னீங்களா, பாரு" என்றாள். குரல் இறங்கியது. "வந்துட்டேன்" என்றாள். "ஆனா பையைத் தொட மாட்டேன்."

அண்ணி தேநீர்க் கோப்பைகளை அடுக்குகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். மூன்று கோப்பைகளை அடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. அம்மாவும் பின்னாலேயே போனாள். உள்ளே, "முகத்தைக் கழுவிக்கிட்டுப் போம்மா" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணி திரும்பி வந்தபோது நர்ஸ் அக்கா வரைபடத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்து முடித்திருந்தாள். அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காலால் தேடும்போது எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்.

"ஒரு சந்தேகம். இறங்கின பேய் இப்ப எங்க இருக்கு?"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தோம். அவளுக்கும் தெரியாது.

"அதை இப்பவே சொல்லிட்டா அடுத்த வாரம் நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அக்கா படியிறங்கிப் போய்விட்டாள்.

அண்ணி அன்றிலிருந்து தூங்கவில்லை என்று அண்ணன் புகார் சொல்கிறான். பேய் மாடியில் இருக்கிறதா, கடலுக்குள் போய்விட்டதா, எங்களில் யார்மேலாவது ஏறிவிட்டதா என்று ஆபீஸிலிருந்து, பஸ்ஸிலிருந்து, சாப்பிடும்போதுகூட நர்ஸ் அக்காவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்திருக்கிறது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.